சேர்ந்து யாத்திரை போகிறவர்கள் செய்யும் தவறுகள், முக்கியமாக அந்த மௌனம்

போன மாதம் ஒரு குழுவினர் தங்கள் யாத்திரைத் திட்டத்தைக் கொண்டுவந்து, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றார்கள். 11 பேர், 12 நாள், புத்தகயாவில் தொடங்கி ராஜ்கிர், வைசாலி, குசிநகர் வழியாக லும்பினியில் முடிகிற பயணம். அக்கறையாகத்தான் யோசித்திருந்தார்கள். ஆனால் தாளின் உச்சியில், இரண்டு தடவை அடிக்கோடு போட்டு, "பயணம் முழுக்க மௌனம் கடைப்பிடிக்கப்படும்" என்று எழுதியிருந்தது. படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருஷத்துக்கு முன்னால் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் அதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அடையாள அட்டையை மறப்பது, மாத்திரையை மறப்பது, டிசம்பர் பனிமூட்டத்தில் ரயில் நேரத்துக்கு வந்துவிடும் என்று நம்புவது, இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை பட்டால் தானாகப் புரிந்துவிடும். நான் சொல்லப்போவது, சேர்ந்து போவதையே பயிற்சியாக எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு மட்டும் நேர்கிற தவறுகள்.

புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர் ஒருமுறை அவரிடம், நல்ல நட்பு என்பது இந்தத் தம்ம வாழ்வில் பாதி என்று தோன்றுகிறது என்றார். அப்படிச் சொல்லாதே ஆனந்தா, அது முழுவதுமே என்றார் புத்தர். புத்தர் போதனைகளின் தொகுப்பான சங்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. இந்தப் பதிலை நம்பித்தான் நாங்கள் குழுவாகப் போகிறோம். வீட்டில் தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது வெளியே வராத என் கோபம், பத்துப் பேரோடு ஒரே வேனில் ஆறு மணி நேரம் போனால் வந்துவிடும். அதை நானே பார்ப்பது கஷ்டம். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

புத்தர் வாழ்க்கையோடு சேர்ந்த எட்டுப் புனித இடத்தையும் ஒரே மூச்சில் முடிப்பது

வேண்டாம். சங்கிசாவையும் சிராவஸ்தியையும் இன்னொரு வருஷம் பார்க்கலாம். பிறந்த இடம், விழிப்படைந்த இடம், முதல் போதனை செய்த இடம், பரிநிர்வாணம் அடைந்த இடம் என்று புத்தரே குறிப்பிட்டது நாலு இடங்களைத்தான்.

சண்டை வராமல் இருக்க மௌனம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் முதல் பயணத்தில் 14 பேர். நான்தான் ஏற்பாடு. காலையில் எழுந்ததிலிருந்து மதியச் சாப்பாடு முடியும்வரை மௌனம் என்று முதலில் வைத்திருந்தோம், அது நன்றாகவே போனது. இரண்டாம் நாள் சாயங்காலம் புத்தகயாவில் அறை ஒதுக்கியதில் இருவருக்குள் வார்த்தை முற்றிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. போதி மரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜன்னல் பக்கக் கட்டிலுக்காகச் சத்தம் போடுகிறார்களே என்று. ராத்திரியே முடிவெடுத்தேன்: நாளையிலிருந்து முழு நாளும் மௌனம், அவசரம் என்றால் சைகை, அதற்கும் மேல் என்றால் என்னிடம் மட்டும் சீட்டு எழுதித் தரலாம். அடுத்த நாள் அவ்வளவு அமைதி. வேனில் ஒரு சத்தம் இல்லை. குழு கனிந்துவிட்டது என்று நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன்.

அன்றைக்கே ராஜ்கிர் போனோம். கிஜ்ஜகூடம் என்கிற கழுகுக் குன்றில் ஏறும் பாதை நீளமானது, பிம்பிசார மன்னன் புத்தரைப் பார்க்கப் போட்ட வழி என்று சொல்வார்கள். 60 வயது தாண்டிய அக்கா ஒருவர் எங்களோடு இருந்தார். பாதி வழியில் ஓரமாக உட்கார்ந்து முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த தம்பி, "இங்கேயே இருங்கள்" என்பதுபோல உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தடவை அசைத்துக் காட்டிவிட்டு ஏறிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு வேறு என்ன வழி வைத்திருந்தேன் நான்? மேலே செங்கல் அடித்தளத்தைச் சுற்றி உட்கார்ந்து, எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று 40 நிமிஷம் மெத்தா தியானம் செய்தோம். இறங்கி வந்தபோது அக்கா அதே கல்லில், காலி தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் பாதையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். புடவையை லேசாகத் தூக்கிக் காட்டினார், முழங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். முந்தாநாளிலிருந்தே வலியாம். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"பேசக் கூடாதென்று நீங்கள்தானே தம்பி சொன்னீர்கள்?"

மறுநாள் அவர் அக்கா மகளோடு ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். முன்னாலேயே தெரிந்திருந்தால் ரோப்வேயில் ரத்னகிரி உச்சியில் இருக்கும் சாந்தி ஸ்தூபத்துக்குக் கூட்டிப்போய் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அதற்குத் தேவைப்பட்டது இரண்டே வாக்கியம், ஒன்று அவர் சொல்ல வேண்டியது, இன்னொன்று நாங்கள் கேட்க வேண்டியது. கட்டில் சண்டை போட்ட இருவரும் அப்புறம் பயணம் முழுக்க ஒருவரையொருவர் பார்க்காமலேயே வந்து, திரும்பியதும் குழுவை விட்டே போய்விட்டார்கள். அதையும் நான் சமநிலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இன்னும் ஆறாதது என்னவென்றால், இந்தத் தவறு 2,500 வருஷத்துக்கு முன்பே நடந்து, விசாரிக்கப்பட்டு, தீர்ப்பும் சொல்லப்பட்டது. துறவிகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில், மகாவக்கம் என்ற பகுதியில் இருக்கிறது. கோசல நாட்டில் சில பிக்குகள் மழைக்காலம் மூன்று மாதமும் சேர்ந்து தங்கப்போகிறார்கள். சண்டை சச்சரவு இல்லாமல் எப்படி இருப்பது என்று யோசித்து, பேசாமலேயே இருந்துவிடுவோம் என்று முடிவு செய்கிறார்கள். பிச்சையெடுத்து முதலில் திரும்புகிறவர் இருக்கை போட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும், கடைசியில் வருகிறவர் கழுவிப் பெருக்க வேண்டும், குடம் காலியாக இருந்தால் பார்த்தவர் நிரப்ப வேண்டும், கனமாக இருந்தால் கையைக் காட்டி இன்னொருவரைக் கூப்பிட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. மூன்று மாதம் முடிந்து புத்தரிடம் போய், ஒற்றுமையாகச் சௌகரியமாக இருந்தோம் என்கிறார்கள். அவர் பாராட்டவில்லை. ஆடு மாடுகள் சேர்ந்து கிடப்பதுபோலக் கிடந்துவிட்டு அதைச் சௌகரியம் என்கிறார்களே என்று கண்டித்து, பிற சமயத்தார் அனுசரிக்கும் ஊமை விரதத்தை இனி எடுக்கக் கூடாது என்று விதித்தார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்ற மூவர் சேர்ந்து வாழ்ந்ததைப் புத்தர் மெச்சியதை மஜ்ஜிம நிகாயம் என்ற இன்னொரு போதனைத் தொகுப்பில் பார்க்கலாம். பாலும் தண்ணீரும் கலந்ததுபோல இருந்தார்கள், உடம்புதான் மூன்று, மனம் ஒன்று என்கிற இடம். அங்கேயும் அதே இருக்கை, அதே தண்ணீர்க் குடம், அதே கைச் சைகை. பிறகு ஏன் ஒருவருக்குப் பாராட்டு, ஒருவருக்குத் திட்டு? மூவரும் ஐந்து நாளைக்கு ஒருமுறை ராத்திரி முழுக்க உட்கார்ந்து தம்மம் பேசினார்கள். கோசல பிக்குகள் பேசவே இல்லை. நான் செய்ததும் அதுதான்.

கண்டித்த கையோடு அவர் கொடுத்த மாற்று வழிக்குப் பவாரணை என்று பெயர். மழைக்காலத் தங்கல் முடிகிற நாளில் ஒவ்வொரு பிக்குவும் மற்றவர்கள் முன் கைகூப்பி, என்னிடம் ஏதாவது குறையைக் கண்டிருந்தாலோ, கேள்விப்பட்டிருந்தாலோ, சந்தேகப்பட்டிருந்தாலோ, என் மேல் இரக்கம் வைத்துச் சொல்லுங்கள், தெரிந்தால் திருத்திக்கொள்வேன் என்று கேட்க வேண்டும். முதலில் கேட்பவர் இருப்பவர்களிலேயே மூத்தவர். இளையவர்களைக் கேட்க விட்டுவிட்டு மூத்தவர் சாய்ந்து உட்கார்ந்திருக்க முடியாது.

நாங்கள் துறவிகள் இல்லை, அந்தச் சடங்கை அப்படியே செய்வதில்லை. ஆனால் இப்போது ஒன்று விட்டு ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் வட்டமாக உட்காருகிறோம். முதல் சுற்றில் உடம்பு: யாருக்கு எங்கே வலி, தூக்கம் வந்ததா, வயிறு எப்படி. இதை எல்லோரும் சொல்லியே ஆக வேண்டும், "நன்றாக இருக்கிறேன்" செல்லாது. இரண்டாவது சுற்றில் ஏற்பாடு செய்தவர் முதலில் ஆரம்பித்து, என்னிடம் என்ன பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறோம். கேட்டவர் விளக்கம் சொல்லக் கூடாது, கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை உட்கார்ந்தபோது எனக்குக் கிடைத்தது, "நடக்கும்போது நீங்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பதே இல்லை" என்பது. சொன்னது 20 வயதுப் பெண். 15 வருஷமாகத் தியானம் செய்கிற எனக்கு இது தெரியாது.

மௌனம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. கூடியிருக்கும்போது செய்யத் தக்கவை இரண்டு, தம்மப் பேச்சு அல்லது உன்னத மௌனம் என்றுதான் புத்தர் சொன்னார். காலை மௌனம் இன்றைக்கும் எங்களுக்கு உண்டு. நான் பயப்படுவது ஒரு பிரச்சினையை மூடுவதற்காக எடுத்துப் போடுகிற மௌனத்துக்கு. அது ஒரே நாளில் பலன் தருவதுபோல இருக்கும், அதனால்தான் புதியவர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வேகமாக நடக்கிறவரின் வேகம்

புத்தர் கடைசியாக நடந்த வழி, பாவா என்ற ஊரிலிருந்து குசிநாராவுக்கு, அதாவது இன்றைய குசிநகருக்கு, அவ்வளவு பெரிய தூரம் இல்லை. 80 வயதில், வயிற்றுப்போக்கோடு நடந்த புத்தர் அந்த வழியில் 25 இடத்தில் உட்கார்ந்து எழுந்தார் என்று உரைநூல் கணக்குச் சொல்கிறது. மேலாடையை நாலாக மடித்துப் போடு, களைப்பாக இருக்கிறது, தண்ணீர் கொண்டுவா என்று ஆனந்தரிடம் கேட்டது அந்த வழியில்தான். கூட வந்த பிக்குகள் கூட்டம் முழுவதும் அவரோடு நின்று நின்றுதான் போயிருக்கும். குசிநகர் போகிற வேனில் இதை வாசித்துவிட்டு, இறங்கியதும் யார் மெதுவாக நடக்கிறாரோ அவரை முன்னால் விடுங்கள்.

"ஒரே வழியில் இருவர் போகாதீர்கள்" என்று புத்தரே சொன்னாரே?

சொன்னார், ஏற்கெனவே விடுதலை அடைந்திருந்த 60 பேரிடம், தம்மம் பல ஊருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. நமக்கு இல்லை.

சேர்ந்து அழுததை விழிப்பு என்று நினைப்பது

புத்தகயாவின் மகாபோதி கோயிலில் முதல் சாயங்காலம் யாராவது ஒருவர் அழுவார், அதைப் பார்த்து இன்னும் நாலு பேருக்குக் கண் கலங்கும், அப்புறம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தின் மதிப்பை நான் குறைக்க மாட்டேன். ஆனால் மறுநாள் காலையில் "நேற்று நாம் எல்லோரும் ஒன்றாகிவிட்டோம்" என்று பேச்சு ஆரம்பிக்கும்போது கவலை வருகிறது. அடுத்த புத்தர் தனி மனிதராக வராமல் ஒரு சமூகமாக வரக்கூடும் என்று வியட்நாம் துறவி திக் நியாட் ஹான் சொன்னதை இந்த இடத்தில் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. அவர் 1982-ல் பிரான்சில் பிளம் வில்லேஜைத் தொடங்கி, ஒரே கூரையின் கீழ் சமைத்து, கழுவி, கோபத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுப் பல வருஷம் சமூகத்தைக் கட்டினார். ஒரு சாயங்காலத்தில் நடந்ததில்லை அது. புத்தர் குறிப்பிட்ட அந்த நாலு இடங்களுக்கு அவர் போதனை நூல் தரும் அடைமொழியும் சம்வேகம் எழுப்புபவை என்பதுதான். சம்வேகம் என்றால் உலுக்கல், இப்படியே காலத்தைக் கடத்த முடியாது என்கிற பதைப்பு. அழுகை அதற்கு வாசலாக இருக்கலாம். வாசலிலேயே நின்று நாள் பூராவும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் உள்ளே போவது எப்போது?

போட்டோ

மகாபோதி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. மற்ற இடங்களிலும் அப்படியே இருந்து பாருங்கள்.

குளியலறை

சின்ன விஷயம் என்று விடாதீர்கள். கோசாம்பி நகரில் பிக்குகளின் சங்கமே இரண்டாக உடைந்த சண்டை, கழிப்பிடச் செம்பில் மிச்சத் தண்ணீரைக் கொட்டாமல் விட்டதில் ஆரம்பித்தது என்கிறது உரைநூல். புத்தர் வந்து சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை, அவரே தனியாகக் காட்டுக்குப் போய்விட்டார். காலை நாலு மணிக்கு ஒரு குளியலறைக்கு ஐந்து பேர் என்றால், யாருக்கு எத்தனை நிமிஷம் என்று முந்தின ராத்திரியே பேசிவிடுங்கள்.

கிளம்பிய அத்தனை பேரும் கடைசிவரை வர வேண்டும் என்ற பிடிவாதம்

சீனத் துறவி பாஹியான் கி.பி. 399-ல் இந்தியாவுக்குத் தோழர்களோடுதான் கிளம்பினார். சிலர் வழியில் திரும்பிவிட்டார்கள், ஒருவர் பனிமலையில் அவர் கண்ணெதிரே இறந்தார், கடைசியாகக் கூட இருந்த தாவோசெங் பாடலிபுத்திரத்துப் பிக்குகளின் ஒழுக்கத்தைப் பார்த்து நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று தங்கிவிட்டார். இலங்கையில் யாரோ காணிக்கை வைத்த சீனப் பட்டு விசிறி ஒன்றைப் பார்த்து, ஊர் நினைவு வந்து பாஹியான் அழுதார். அவர் அத்தனை தூரம் தேடி வந்தது விநய நூல்களை, அதாவது சேர்ந்து வாழ்வதற்கான விதிகளை. யாருக்கும் அவர் துரோகி என்று பெயர் வைக்கவில்லை. உங்கள் குழுவில் ஒருவர் நாலாம் நாள் திரும்பிப் போக வேண்டும் என்றால், ஸ்டேஷன்வரை கூடப் போய் ரயில் ஏற்றிவிட்டு வாருங்கள். நாங்கள் அந்த அக்காவுக்கு ஆட்டோ மட்டும் பிடித்துக் கொடுத்தோம்.

ஊர் திரும்பியதும் கலைந்துவிடுவது

பௌர்ணமிதோறும் கூடுங்கள், ஆறு மாதமாவது. வராதவருக்குப் போன் போட்டு முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.