குழந்தைகள் இல்லம் நடத்துகிறீர்களா? கோப்பு, இரவுப் பணி, பெட்டிச் சாவி

பெங்களூரில் குழந்தைகள் இல்லத்துக்கு உதவ வருபவர்கள் முதலில் பார்ப்பது புதுக் கட்டில், பெயின்ட் அடித்த சுவர், கம்ப்யூட்டர் அறை. இல்லம் உறுதியாக இருக்கிறதா என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. பழைய வார்டன் வேலையை விட்டுப்போன மறுநாள் காலை போய்ப் பாருங்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன மாத்திரை, யாரைப் பார்க்க எந்த மாமாவை உள்ளே விடக்கூடாது என்று புதிதாக வந்தவருக்குச் சொல்ல எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அந்த இல்லம் ஒரே ஆளின் ஞாபகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் பதிவு. டிரஸ்ட் பதிவு இருந்தால் போதும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. போதாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41-ன்படி இல்லத்துக்குத் தனிப் பதிவு வேண்டும். அது 5 ஆண்டுக்குச் செல்லும். பதிவில்லாமல் நடத்தினால் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். காலாவதிக்கு 6 மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். தீயணைப்பு, கட்டடச் சான்றிதழ்கள்தான் இழுத்தடிக்கும்.

அடுத்தது பிள்ளையின் கோப்பு. பிள்ளை வந்த நேரத்தை மணி, நிமிடத்தோடு எழுதுங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், பிள்ளையை என்ன செய்வது என்று ஆணையிடும் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. பிள்ளையின் குடும்பப் பின்னணியைச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள், குழுவின் இறுதி ஆணைக்கு 4 மாதம். தேதிகள் மூன்றையும் கோப்பின் உள்ளட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பல இல்லங்களில் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாசகமாக இருக்கும்: 'கல்வி அளிக்கப்படும், அன்பு காட்டப்படும்.' ஆய்வுக்கு வருபவர் இரண்டு கோப்பைத் திறந்தாலே குட்டு வெளிப்படும். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வார் என்று இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளின் கோப்பில் கூடுதல் கவனம் வேண்டும். தர்மபுரி, ஓசூர் வழியாகவும் ஜோலார்பேட்டை வழியாகவும் ரயில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தனியாக இறங்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். பெயர், ஊர் எல்லாம் கன்னடத்தில் பதிவாகும். கன்னடத்தில் ழகரம் இன்று வழக்கில் இல்லை. காதில் விழுந்தபடி எழுதினால் வாழப்பாடி 'வாலபாடி' ஆகும். தேடுபவர் வாலாஜாவுக்குப் போய் நிற்பார். அதனால் ஊர்ப்பெயரைத் தமிழ் எழுத்திலும் பக்கத்திலேயே எழுதுங்கள். இனிஷியலைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டு முடிக்காதீர்கள். அப்பா பெயரை முழுதாக, அம்மா பெயரையும், வீட்டில் கூப்பிடும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

"உன் அட்ரஸ் என்ன?" என்று எட்டு வயதுப் பையனிடம் கேட்டால் பதில் வராது. "தம்பி, உங்க ஊர்ல சந்தை என்னைக்குக் கூடும்?", "டவுனுக்குப் போற பஸ்ல என்ன நம்பர் போட்டிருக்கும்?", "மாரியம்மன் திருவிழா ஆடியிலயா பங்குனியிலயா?", "உங்க கிளாஸ் மிஸ் பேரு என்ன?" என்று கேளுங்கள். சந்தைக் கிழமையும் பஸ் நம்பரும் கிடைத்தால் தேடவேண்டிய வட்டாரம் பாதியாகச் சுருங்கும். யூனிஃபார்ம் நிறத்தைக் கேட்பதில் பயன் குறைவு. அரசுப் பள்ளி என்றால் ஊருக்கு ஊர் அதேதான். பள்ளியின் பெயர் தெரிந்துவிட்டால் தலைமையாசிரியர் எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் விவரப் பதிவு) பார்த்துச் சொல்வார். ஆதார் எடுக்கப் போகும்போது 'ஏற்கனவே உள்ளது' என்று திரும்பி வந்தாலும் நல்லதே. காணாமல்போன பிள்ளைகள் பலருக்கு வீடு கிடைத்தது அந்த வழியில்தான்.

வீடு தெரிந்ததும் போனைப் போட்டு 'வந்து கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லிவிடாதீர்கள். அடிதாங்காமல் ஓடிவந்த பிள்ளையாக இருக்கலாம். குழந்தைகள் நலக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 95-ன்படி குழு சொந்த மாவட்டக் குழுவைக் கலந்து மாற்ற ஆணையிடும். ஆணை கிடைத்த 15 நாளுக்குள் காவல்துறையின் சிறப்புச் சிறார் பிரிவு அழைத்துச் செல்ல வேண்டும். பெண் பிள்ளை என்றால் பெண் போலீஸ் உடன் போக வேண்டும். இடையில் ஊரிலிருந்து பெற்றோர் வந்தால், ஒரு சின்ன விஷயத்தை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். கன்னடத்தில் அந்தக் குழுவின் பெயர் 'மக்கள கல்யாண சமிதி'; இங்கே 'கல்யாண' என்றால் நலம். கல்யாணம் என்ற சொல்லைக் கேட்டதும் பதறும் தாய்மார் உண்டு.

இனி இரவுப் பணி. கணக்கில்தான் முதல் தவறு நடக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி வேலை பார்த்தால் ஒரு பணியிடத்துக்கே மூன்றரை ஆள் வேண்டும். எந்நேரமும் இரண்டு பேர் இருக்க வேண்டுமென்றால் 7; லீவு, காய்ச்சல் சேர்த்தால் 8. மூன்று பேரை அங்கேயே தங்கவைத்து ஓட்டும் இல்லத்தில் ராத்திரி 11 மணிக்கு மேல் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். ஹாலைப் பார்த்துக்கொள்வது 'லீடர்' ஆக்கப்பட்ட பதினாறு வயதுப் பையன். சின்னப் பிள்ளைகள் மீதான அடியும் அதைவிட மோசமானதும் பெரும்பாலும் அந்த ஏற்பாட்டில்தான் வளர்கின்றன. பிள்ளைகளைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்காதீர்கள்.

ஷிஃப்ட் மாறும்போது இருவரும் 15 நிமிடம் சேர்ந்திருக்கும்படி நேரம் வையுங்கள். பதிவேட்டில் சில வரி போதும்: எத்தனை பேர், யாருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த மருந்து எத்தனை மணிக்கு, யார் சாப்பிடவில்லை, யார் அழுதார், எந்தக் கதவு, எந்தச் சாவி. தலையை மட்டும் எண்ணாமல் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லி எண்ண வேண்டும். படுக்கை ஹாலை வெளியிலிருந்து பூட்டாதீர்கள். தீப்பிடித்தால் சாவிக்காரர் எங்கே என்று தேட நேரமிருக்காது. மாதிரி விதிகள் 2016-ன் கணக்கு 50 பிள்ளைக்கு 8 கழிப்பறை, 5 குளியலறை, படுக்கை ஹாலில் ஒருவருக்கு 40 சதுர அடி. கழிப்பறைக்குப் போகும் வழியில் விடிய விடிய ஒரு விளக்கு எரிந்தால் படுக்கையில் சிறுநீர் போவதும் கொஞ்சம் குறையும்.

சொறி சிரங்கு வந்தால் ஒரே பிள்ளைக்குக் களிம்பு தடவிப் பயனில்லை. டாக்டர் பெர்மெத்ரின் எழுதிக்கொடுத்தால் அந்த ஹாலில் உள்ள எல்லோருக்கும், பார்த்துக்கொள்ளும் அக்காமாருக்கும் ஒரே இரவில் தடவி, மறுநாள் துணி, போர்வை மொத்தத்தையும் வெந்நீரில் துவைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள். இரண்டாவது சுற்றை விட்டுவிடுவதால்தான் அது போகவே போகாது என்று பெயர்.

புகார்ப் பெட்டி அலுவலக வாசலில் இருந்தால் யாரும் போடமாட்டார்கள். விதியே அதைப் படுக்கை ஹாலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறது. சாவி இல்லத்தின் மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பிள்ளைகள் குழுவின் முன் திறக்க வேண்டும். சாவி சூப்பரின்டென்டென்ட் மேஜையில் கிடந்தால் அது வெறும் தகரப் பெட்டி. திறக்கும்போது தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். சிசிடிவி பார்வையில் பெட்டியை மாட்டுவது ரொம்பப் பேர் செய்யும் தவறு. எழுதத் தெரியாத பிள்ளைகளும் இருப்பார்கள். வெளியிலிருந்து வாராவாரம் வந்து தனியாகப் பேசும் ஒரு அக்கா இருந்தால் பெட்டியைவிட அதிகம் தெரியவரும்.

பாலியல் தொல்லை என்று காதில் விழுந்தால் 'உள்ளே விசாரித்துவிட்டுச் சொல்லலாம்' என்ற பேச்சே கூடாது. போக்சோ பிரிவு 19-ன்படி உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். மறைக்கும் பொறுப்பாளருக்கு 1 ஆண்டு வரை சிறை உண்டு. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, தமிழில் சொன்னால் தமிழிலேயே எழுதுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பணியாளர் பயிற்சிக்கு நகரத்திலேயே நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) இருக்கிறது. அதன் 'சம்வாத்' திட்டம் இதற்கென்றே உள்ளது.

சனிக்கிழமை கேக்கோடு வரும் கம்பெனி நண்பர்களிடம் கண்டிப்பாக இருங்கள். பிள்ளையின் முகமும் பெயரும் வெளியே போனால் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74-ன் கீழ் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செல்போன்களை வாசலிலேயே வாங்கி வையுங்கள். ஒரே நாளில் மூன்று பிரியாணி வருவதும், அடுத்த நான்கு நாள் அரிசிக்கு அலைவதும் நம் ஊரில் சாதாரணம். சாப்பாட்டு நாளை முன்பதிவு செய்யச் சொல்லுங்கள், மீதிப் பேரிடம் சோப்பு, உள்ளாடை, சானிட்டரி நாப்கின் கேளுங்கள்.

வெளியே போகும் பிள்ளைக்கான வேலையை 18-ல் தொடங்கினால் தாமதம். 16 வயதிலேயே ஆதாரில் கைரேகை புதுப்பிப்பு, பிறப்புச் சான்று, சாதிச் சான்று, மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று பட்டியல் போடுங்கள். இல்லத்தை விட்டபின் 21 வயது வரை பிற்காப்பு உதவி கேட்க வழி உண்டு. குழந்தைகள் நலக் குழுவிடம் விண்ணப்பம் 18 வயது நிறைவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். கிளம்பும் நாளில் அசல் எல்லாம் பிள்ளையின் கையில், நகல் கோப்பில்.