மாஸ்டடான் சர்வரில் ரெடிஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக மாஸ்டடான் (ட்விட்டர் போன்ற, பல சர்வர்களில் இயங்கும் சமூக வலைத்தளம்) சர்வர் நடத்துபவர்கள், பயனர்கள் பெருகியதும் ரெடிஸ் (தரவை நினைவகத்தில் வைக்கும் தரவுத்தளம்) அமைப்பில் கைவைக்கிறார்கள். அங்கே நடக்கும் தவறுகளில் மிக மோசமானது, நினைவகம் நிறைகிறது என்று பயந்து மேக்ஸ்மெமரி-பாலிசியை (இடம் தீர்ந்தால் எதை நீக்குவது என்ற கொள்கை) ஆல்கீஸ்-எல்ஆர்யூ (அண்மையில் பயன்படாத எந்தத் தரவையும் நீக்கு) என மாற்றுவது.

கேஷுக்கு (வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல்) மட்டும் என்றால் அது நல்ல அமைப்பு. ஆனால் மாஸ்டடான் தன் கேஷ், பயனர்களின் முகப்பு டைம்லைன், சைட்கிக் (பின்னணி வேலைகளைச் செய்யும் மென்பொருள்) வேலை வரிசைகள் எல்லாவற்றையும் ரெடிஸில்தான் வைக்கிறது. இடம் போதாதபோது ரெடிஸ் இவற்றில் எதையும் நீக்கலாம். ஒரு வரிசை முழுவதும் ஒரே கீயாக (ஒரே பெயரில் சேமித்த தரவாக) இருப்பதால், நீக்கப்பட்டால் அதில் காத்திருந்த அத்தனை வேலைகளும் ஒன்றாகப் போய்விடும். பிற சர்வர்களுக்குச் செல்ல வேண்டிய பதிவுகள் சேராது, பிழைச்செய்தியும் வராது. டைம்லைன் அழிந்தால் 'டூட்சிடிஎல் ஃபீட்ஸ் பில்ட்' கட்டளையால் மீண்டும் உருவாக்கலாம். வரிசைக்கு அப்படி ஒரு வழி கிடையாது. ஆகவே வரிசை இருக்கும் ரெடிஸில் எதையும் நீக்காத நோஎவிக்‌ஷன்தான் இருக்க வேண்டும். இடம் தீர்ந்தால் அது எழுத மறுத்துப் பிழை காட்டும். தளம் தடுமாறும்தான், ஆனால் என்ன நடந்தது என்பது உடனே தெரியும்.

கேஷையும் வரிசையையும் பிரிப்பதே சரியான வழி. மாஸ்டடான் அமைப்பில் கேஷ்_ரெடிஸ்_யூஆர்எல் என்ற மாறி அதற்காகவே இருக்கிறது. இங்கும் பலர் சறுக்குகிறார்கள்: அதே ரெடிஸில் தரவுத்தள எண்ணை 0 என்பதிலிருந்து 1 என மாற்றிவிட்டுப் பிரித்துவிட்டதாக நம்புகிறார்கள். நினைவக வரம்பும் நீக்கும் கொள்கையும் முழு ரெடிஸுக்கும் பொதுவானவை. எண்ணை மாற்றுவதால் எதுவும் பிரிவதில்லை. 6380 போன்ற வேறு போர்ட்டில் தனி ரெடிஸையே ஓட்ட வேண்டும்.

கேஷ் ரெடிஸில் வட்டில் சேமிப்பதை நிறுத்திவிடலாம். வரிசை ரெடிஸில் ஏஓஎஃப் (ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் பதியும் கோப்பு) தேவை; அப்பெண்ட்எஃப்சிங்க் 'எவ்ரிசெக்' (விநாடிக்கு ஒருமுறை வட்டில் எழுது) என்றிருந்தால் மின்சாரம் போனாலும் பொதுவாக ஒரு விநாடித் தரவுதான் இழப்பாகும். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டியில் இயக்கும் கருவி) ஓட்டினால் டேட்டா அடைவை வால்யூமில் (பெட்டி நீக்கப்பட்டாலும் தங்கும் சேமிப்பிடம்) இணைக்க மறக்காதீர்கள்.

4 ஜிபி கணினியில் ரெடிஸுக்கே 4 ஜிபியையும் ஒதுக்குவதும் ஆபத்து. ஸ்னாப்ஷாட் (தரவு முழுவதையும் வட்டில் சேமிக்கும் நகல்) எடுக்க ரெடிஸ் தன்னையே ஃபோர்க் செய்கிறது, அதாவது தன் நகல் ஒன்றைத் தொடங்குகிறது. அந்நேரத்தில் மாறும் நினைவகப் பக்கங்கள் நகலெடுக்கப்பட்டுக் கூடுதல் நினைவகத்தை உண்ணும். லினக்ஸில் ஓவர்கமிட்_மெமரி (இருப்பதைவிட அதிக நினைவகம் கேட்க அனுமதிக்கும் அமைப்பு) 1 ஆக இல்லாவிட்டால் ஃபோர்க்கே தோற்கலாம். ஸ்னாப்ஷாட் தோற்றால் இயல்பமைப்பில் ரெடிஸ் புதிய தரவை எழுத மறுத்துவிடும். அப்போது அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடுவது தீர்வாகாது. நினைவகத்தையும் வட்டு இடத்தையும் பாருங்கள்.

வளர்ச்சி என்றதும் ரெடிஸ் கிளஸ்டருக்கு (தரவைப் பல ரெடிஸ்களில் பிரித்து வைக்கும் முறை) தாவவும் வேண்டாம். சைட்கிக்கிற்கு அது ஏற்றதல்ல.

டாக்கர் கம்போஸில் (பல டாக்கர் பெட்டிகளை ஒரே கோப்பில் வரையறுக்கும் கருவி) 6379:6379 என்று போர்ட்டைத் திறந்தால், டாக்கர் தன் விதிகளை நேரடியாக ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை நெட்வொர்க் விதிகள்) சேர்க்கிறது. யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுப்பதாக நினைத்த போர்ட் இணையத்துக்குத் திறந்து கிடக்கும். அதிகாரபூர்வ ரெடிஸ் இமேஜில் ப்ரொடெக்டட் மோடும் (கடவுச்சொல் இல்லாதபோது வெளி இணைப்புகளை மறுக்கும் பாதுகாப்பு) இயல்பாக அணைந்தே இருக்கும். ஒரே கம்போஸ் கோப்பில் மாஸ்டடானும் ரெடிஸும் இருந்தால் அந்த வரியே தேவையில்லை, நீக்கிவிடுங்கள்.