பாஸ்வேர்டு விதி எழுதும் புது அட்மின்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர், கோவைப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு மெயில், சர்வர் பார்த்துக்கொடுப்பது என் தொழில். பனியன் கம்பெனி, நூல் மில், ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அட்மினாகப் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி இருப்பார். வந்த முதல் வாரத்திலேயே பாஸ்வேர்டுக்கு ஒரு சட்டம் போட்டிருப்பார். படித்துப் பார்த்தால், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் செட் ஆட்கள் எழுதியதுதான் வரிக்கு வரி இருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எப்படித்தான் அதே பள்ளத்தில் போய் விழுகிறார்களோ தெரியவில்லை.

123456 வைக்காதே, பிறந்த தேதி வைக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. 2009-இல் சமூக வலைத்தள ஆப்கள் செய்த ராக்யூ நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் வெளியே வந்தபோது முதலிடம் பிடித்தது 123456தான். வேலை நெருக்கடியில் இருக்கிற ஆள் கைக்கு வந்ததைத்தான் அடிப்பார். அதை மனதில் வைத்து விதி எழுதவேண்டியது நாம். நான் சொல்ல வந்தது விதி எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றி.

மாசாமாசம் மாற்றச் சொல்வது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

விண்டோஸ் சர்வரில் டொமைன் (ஆபீஸ் கணினிகளையெல்லாம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) போட்டால், பாஸ்வேர்டை மாற்றத் தானாக வரும் கெடு 42 நாள். புது அட்மின் அதைப் பார்த்ததும், 42 நல்லது என்றால் 30 இன்னும் நல்லது என்று குறைத்துவிடுவார். பழைய 24 பாஸ்வேர்டுகளைத் திரும்ப வைக்கக் கூடாது என்ற விதியும் கூடவே இருக்கும். ஒரே நாளில் 24 தடவை மாற்றிவிட்டுப் பழையதற்கே திரும்பி வருகிற ஆட்கள் இருந்ததால், ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாற்றலாம் என்று இன்னொரு விதி. இத்தனை காவலுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால், கம்பெனிப் பெயரின் சுருக்கம், ஒரு @, அந்த மாதத்தின் எண். பிப்ரவரியில் 02, மார்ச்சில் 03. கெடு 30 நாள் என்று வைத்ததே நாம்தான். மாதத்தின் எண்ணை வைத்துக்கொள் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அக்கவுண்ட்ஸில் இருபது வருஷமாக இருக்கிற ஒரு அக்கா போனில் சொன்னார்: "தம்பி, சம்பளம் போடற நாளாப் பாத்து இது கேக்குதுங். பழசு நல்லா ஞாபகம் இருக்குது, நேத்து மாத்துனதுதான் மறந்துபோச்சுங்." அவர் மேல் என்ன தப்பு? காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதிவைத்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரரும் அதையே பார்த்து அடித்தார்.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் ஜாங், மன்ரோஸ், ரீட்டர் ஆகிய மூவர் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும் என்று இருந்த பழைய கணக்குகளை எடுத்து, முந்தைய பாஸ்வேர்டு தெரிந்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தார்கள். 17 சதவீதக் கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள் முடிந்தது. உருமாற்றிச் சேமித்த பாஸ்வேர்டு ஃபைலே கையில் கிடைத்தவனுக்கு, பழையதை வைத்துக்கொண்டு 41 சதவீதத்தைச் சில நொடிகளில் பிடிக்க முடிந்தது. ஐந்து தடவை தப்பாக அடித்தால் கணக்கைப் பூட்டிவிடும் என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் அந்த 17-ஐ இன்னொரு தடவை படியுங்கள்.

எனக்கு எரிச்சல் இந்த எண்களால் வந்ததல்ல. ஓர் ஏற்றுமதி கம்பெனியில், எல்லாம் நடந்து முடிந்தபிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வசந்த காலத்து ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கவுண்ட்ஸ் மெயிலுக்கு ஒரு போலி லாகின் பக்கம் வந்திருக்கிறது. அவசரத்தில் யாரோ பாஸ்வேர்டை அதில் அடித்துவிட்டார்கள். அட்மின் தம்பிக்கு விஷயம் தெரியவந்தபோது, "மாசக் கடைசிதான் சார், தானா மாறிடும்" என்று விட்டுவிட்டார். மாறத்தான் செய்தது. 03 போய் 04 வந்தது. திருடியவன் சில மாதம் சும்மா இருந்துவிட்டு ஆகஸ்டில் வந்தான். யார் எப்போது உள்ளே வந்தார் என்று குறித்துவைக்கும் லாகைத் திறந்து பார்த்தால் தப்பான முயற்சி ஒன்று, அதற்கடுத்ததே வெற்றி. 08.

உள்ளே வந்தவன் எதையும் அழிக்கவில்லை. வருகிற மெயிலெல்லாம் தனக்கும் ஒரு நகல் வருகிற மாதிரி ஃபார்வர்டு விதி ஒன்றை வைத்துவிட்டு வெளியேறினான். இதைத்தான் புது ஆட்கள் யோசிப்பதே இல்லை: பாஸ்வேர்டை மாற்றினாலும் ஃபார்வர்டு விதி அப்படியே இருக்கும். செப்டம்பரில் பாஸ்வேர்டு மாறியது, அக்டோபரில் மாறியது, நகல் போய்க்கொண்டே இருந்தது. எந்த பையருக்கு (சரக்கு வாங்குகிறவருக்கு) எந்த இன்வாய்ஸ், எப்போது பணம் வரும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. ஷிப்மென்ட் கிளம்பிய சமயம் பார்த்து, கம்பெனி பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து பையருக்கு ஒரு மெயில் போனது. எங்கள் பேங்க் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்தத் தடவை பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று. பையரும் அனுப்பிவிட்டார். சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் வரவில்லை.

அந்தத் தம்பி என்னிடம் காட்டிய முதல் காகிதம் என்ன தெரியுமா? பாஸ்வேர்டு பாலிசி. 30 நாள், கேபிடல், நம்பர், ஸ்பெஷல் கேரக்டர். "நாம எல்லாம் கரெக்டா வெச்சிருந்தோம் சார்." அந்தக் காகிதம் இருந்ததால்தான் மார்ச்சில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்பதை அவருக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று.

மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்தே இந்தக் கெடுவை எடுத்துவிட்டது. அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட், காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லவேண்டாம் என்று 2017-இல் எழுதியது; 2025 பதிப்பில் சொல்லவே கூடாது என்று இறுக்கிவிட்டது. ஆடிட்டில் 90 நாள் கேட்கிறார்களே என்பீர்கள். கார்டுப் பணம் கையாளும் இடங்களுக்கான பிசிஐ தரநிலை அப்படிக் கேட்பது பாஸ்வேர்டு ஒன்றே காவலாக இருக்கும்போதுதான். பாஸ்வேர்டுக்கு மேல் ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பைச் சேர்த்துவிட்டால் அந்த நிபந்தனை விழுந்துவிடும். ஆடிட்டரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

மாற்றவேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு. எங்காவது கசிந்தது என்று தெரிந்தால், போலிப் பக்கத்தில் அடித்தது தெரிந்தால், பொதுக் கணக்கு தெரிந்த ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே, மாசக் கடைசிவரை காத்திராமல் மாற்றவேண்டும். பழையதோடு சொந்தமே இல்லாத புது பாஸ்வேர்டாக இருக்கவேண்டும். கூடவே எல்லா இடத்திலும் லாக்அவுட் செய்துவிட்டு, ஃபார்வர்டு விதிகளையும் மீட்பு மெயில், மீட்பு போன் நம்பரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேபிடல், நம்பர், ஸ்பெஷல் கேரக்டர்

இந்த மூன்றையும் உலகம் முழுக்கப் பரப்பிய ஆவணம் நிஸ்டின் 2003 வழிகாட்டிதான். அதை எழுதிய பில் பர், ஓய்வுபெற்ற பிறகு 2017-இல், தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாகப் பத்திரிகையில் சொன்னார். நம் ஆட்கள் இன்னும் விடவில்லை.

கேபிடல் கேட்டால் முதல் எழுத்தில் வரும். நம்பர் கேட்டால் கடைசியில் வரும். ஸ்பெஷல் கேட்டால் ஏ-க்குப் பதில் @. உடைக்கிறவனுக்கு இது தெரியாதா? ஹேஷ்கேட் மாதிரி பாஸ்வேர்டு உடைக்கும் மென்பொருளில் இந்த மாற்றங்களெல்லாம் விதிகளாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை எம்டி5 மாதிரிப் பழைய முறையில் உருமாற்றிச் சேமித்திருந்தால், ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல ஆயிரம் கோடி தடவை முயன்று பார்க்கும்.

நீளம்தான் வேலை செய்யும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். பாட்டு வரி வேண்டாம், பஞ்ச் டயலாக்கும் வேண்டாம். நீளத்துக்கு 12, 15 என்று உச்சவரம்பு வைத்திருந்தால் எடுங்கள். 64 எழுத்தாவது ஏற்கவேண்டும் என்கிறது நிஸ்ட். ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருக்கும் பாஸ்வேர்டை யாராவது வைக்க வந்தால் அந்த இடத்திலேயே மறுக்கிற மாதிரி அமைத்துவிடுங்கள். ஹேவ் ஐ பீன் ப்வ்ன்டு தளத்தில் இதற்கு இலவச வசதி உண்டு. பாஸ்வேர்டை அவர்களுக்கு அனுப்பவேண்டியதில்லை, அதன் ஹேஷில் (பாஸ்வேர்டை உருமாற்றினால் வரும் எழுத்து வரிசையில்) முதல் ஐந்து எழுத்து போதும்.

பேஸ்ட் செய்வதைத் தடுப்பது

எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் (எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டிவைத்துத் தேவைப்படும்போது எடுத்துத்தரும் மென்பொருள்) வைத்திருக்கிற ஒழுங்கான ஆளைத்தான் இது தண்டிக்கிறது.

ரகசியக் கேள்வி

வேண்டாம். பாஸ்வேர்டு மறந்துவிட்டால் ஆளை அடையாளம் காணக் கேட்கிற கேள்வி இது. 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மெயிலை ஒரு மாணவர் திறந்தது இந்த வழியாகத்தான். பதில்களெல்லாம் இணையத்திலேயே கிடைத்தன.

எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டு

கேன்டீன் டோக்கன் ஆப்புக்கும் 16 எழுத்து, பேங்க் லாகினுக்கும் 16 எழுத்து என்று விதி போடுவது பார்க்க நேர்மையாக இருக்கும். ஆனால் ஆட்களின் பொறுமைக்கு ஓர் அளவு உண்டு. அதைக் கேன்டீனில் செலவழித்துவிட்டால் பேங்குக்கு மிச்சமிருக்காது; இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டை வைத்துவிடுவார்கள். அப்புறம் டோக்கன் ஆப்பில் கசிந்தது பேங்கில் போய்த் திறக்கும். இணையத்தில் ஃபைல் சேமித்துக்கொடுக்கும் டிராப்பாக்ஸுக்கு 2012-இல் நடந்தது இதுதான். ஊழியர் ஒருவர் வேறு தளத்தில் வைத்திருந்த அதே பாஸ்வேர்டை வேலைக்கும் வைத்திருந்தார். ஆறரைக் கோடிக்கு மேல் கணக்குகளின் விவரம் வெளியே போனது.

மெயில், பேங்க், விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் வழி), பேக்அப், அட்மின் கணக்கு. இந்த ஐந்துக்கும் கண்டிப்பாக இருங்கள், இரண்டாவது சரிபார்ப்பு இல்லாமல் விடாதீர்கள். மற்ற இடங்களில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் 2021 மே மாதம் எண்ணெய்க் குழாயையே நிறுத்தவேண்டி வந்ததற்குக் காரணம், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்கு. அதன் பாஸ்வேர்டு சுலபமானதில்லை, சிக்கலானதுதான் என்று அதன் தலைமை அதிகாரி செனட்டில் சொன்னார். இருந்து என்ன, அதே பாஸ்வேர்டு ஏற்கெனவே கசிந்த ஒரு பட்டியலில் கிடந்தது. இரண்டாவது சரிபார்ப்பும் இல்லை. அந்த வழியாக உள்ளே புகுந்தவர்களுக்குப் பிணைப்பணமாக 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் 44 லட்சம் டாலர் கொடுத்தார்கள். உங்கள் ஆபீஸில் அப்படித் தூங்குகிற கணக்கு எத்தனை என்று இன்றைக்கே எண்ணுங்கள்.

எக்செல் ஷீட்

எந்த ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனாலும் ஓர் எக்செல் இருக்கும். கிளையன்ட் பெயர், ஜிஎஸ்டி, வருமான வரி, பிஎஃப், இஎஸ்ஐ, எல்லாவற்றுக்கும் லாகின், பாஸ்வேர்டு. ரிட்டர்ன் தேதி நெருங்கினால் அது ஆர்டிகிள்ஷிப் (சி.ஏ. பயிற்சி) பையன்களின் வாட்ஸ்ஆப்பில் சுற்றும். அட்மின் வந்து "இனிமேல் எக்செல் கூடாது" என்று மெயில் போடுவார். வேறு வழி கொடுத்தாரா என்றால் இல்லை. மறுநாள் அதே ஷீட் வேறு பெயரில் இருக்கும்.

வேலை நடந்தாகவேண்டும் என்பதுதான் அங்கே முதல் விதி. பலர் சேர்ந்து பயன்படுத்தும் வசதியுள்ள பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை வாங்கிக்கொடுத்து, அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டு, அப்புறம் எக்செல்லை அழிக்கச் சொல்லுங்கள். மேனேஜரே வேண்டாம் என்கிற பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் நோட்டில் எழுதிப் பூட்டிய டிராயரில் வைக்கட்டும். வெளியூரில் இருந்து மெயிலை உடைக்கிறவன் உங்கள் டிராயரைத் திறக்க வரப்போவதில்லை.

இன்னொன்று: ஊழியர்களின் இ-ஆதார் பிடிஎஃப்களை மெயிலில் வைத்துவிட்டு, அதற்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்கிறார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும் தான் அந்தப் பாஸ்வேர்டு. ஃபைலுக்குப் பெயராக ஊழியரின் பெயரையே வைத்திருக்கிறீர்கள்.

ஓடிபி இருக்கிறதே என்று விட்டுவிடுவது

இல்லாததற்கு ஓடிபி எவ்வளவோ மேல். ஆனால் அந்த நம்பர் யாருடையது என்று பாருங்கள். போன வருஷம் வேலையை விட்டவருடைய நம்பராக இருக்கும், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம்மாக இருக்கும். இந்தியாவில் நிறுத்தப்பட்ட நம்பரை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அட்மின் கணக்குகளுக்கு ஆதென்டிகேட்டர் ஆப் (போனிலேயே குறியீட்டு எண் உருவாக்கும் ஆப்) அல்லது பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் போனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) வையுங்கள். பாஸ்கீ போலித் தளத்தில் வேலையே செய்யாது. அந்த ஏற்றுமதி கம்பெனியில் அது இருந்திருந்தால் மார்ச்சிலேயே கதை முடிந்திருக்கும்.

முதலாளிக்கு மட்டும் விலக்கு

கேட்பார். கொடுக்காதீர்கள். பேங்க் ஒப்புதல் அவர் மெயிலுக்குத்தான் போகிறது. "உங்களுக்கு மட்டும் பாஸ்கீ போட்டுத் தர்றேங்க, விரல் வெச்சா போதும், டைப்பே பண்ணவேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே போனை எடுத்து நீட்டுவார்.