பால்புட்டியைக் கொதிக்க வைக்கும் முன்

புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி பேதியானால், நிப்பிளைக் கழற்றி உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுத்தால் அது பால் படலம். கிருமிகள் பெருகும் இடம். அலசி மட்டும் கொதிநீரில் போட்டால், பாலின் புரதம் சூட்டில் கெட்டிப்பட்டு இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். கொதிக்க வைப்பது கழுவுவதற்கு மாற்றல்ல.

குடித்து முடித்ததுமே கழுவிவிடுங்கள். காய்ந்தால் இரட்டை வேலை. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு புட்டி, வளையம், நிப்பிள், வால்வு எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசியபின், இதற்கென்றே வைத்த பாத்திரத்தில் சூடான சோப்புநீர் எடுத்துத் தேயுங்கள். சிங்க்குக்குள் போடாதீர்கள், அங்கே மற்றப் பாத்திரங்களின் அழுக்கு இருக்கும். புட்டிக்கு நீள பிரஷ், நிப்பிளுக்குச் சின்ன பிரஷ். பெரும்பாலும் விட்டுப்போவது கழுத்து மரையும் வளையத்தின் உள்மரையும்தான். நிப்பிளில் தண்ணீர் நிரப்பி அழுத்தி, துளை வழியே பீய்ச்சுங்கள். வெடித்த, பிசுபிசுத்த நிப்பிளைத் தூக்கிப்போடுங்கள்.

பிறகு எல்லாம் மூழ்கும் அளவு தண்ணீரில், உள்ளே காற்று நிற்காதபடி போட்டு, தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 5 நிமிடம். துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள்.

பால் பவுடரும் கிருமியற்றது அல்ல. கொதித்த தண்ணீரை 30 நிமிடத்துக்குமேல் ஆறவிடாமல், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் கலக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு டப்பாவில் சொன்ன அளவு பவுடர். புட்டியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலந்த பால் வெளியில் 2 மணி நேரம்தான் தாங்கும். வாய் வைத்த பாலில் எச்சில் கலந்துவிடும். 1 மணி நேரத்துக்குள் குடிக்காத மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பேதி தொடங்கிவிட்டால் பாலை நிறுத்தாதீர்கள். தாய்ப்பால் இருந்தால் இன்னும் அடிக்கடி. ஒவ்வொரு முறை தண்ணீராகப் போனபின்னும் 50 முதல் 100 மில்லி ஓ.ஆர்.எஸ். (பொட்டலத்தில் வரும் உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்த நீர்), கரண்டி கரண்டியாக. பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் தண்ணீர் அளவைக் குறைக்கவோ கூட்டவோ கூடாது. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. துத்தநாக மருந்தை மருத்துவர் 10 முதல் 14 நாள் தருவார்; பேதி நின்றாலும் முடித்துவிடுங்கள். பேதியைக் கட்டும் மாத்திரை குழந்தைக்கு ஆகாது.

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், 6 மணி நேரம் சிறுநீர் இல்லாமை, குடிக்க முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

பேதி நாட்களில் புட்டியை ஒதுக்கிவிட்டுச் சிறு கிண்ணத்தில் புகட்டலாம். அதில் மரையும் இல்லை, துளையும் இல்லை.