கிப் ரிவர் ரோடுக்கு மோட்டார்ஹோம்: வாங்கும் முன் எடைமேடையில் ஏற்றுங்கள்

போன ஜூனில் நாங்கள் நால்வரும் கிப் ரிவர் ரோடு போய்வந்தோம். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், டெர்பியில் தொடங்கிக் குனுனுரா பக்கம் முடியும் சுமார் 660 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்சாலை. அன்றிலிருந்து பெர்த் நண்பர்கள் 'அந்த மாதிரிப் பாதைக்கு எந்த மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு கூடிய வண்டி) வாங்கலாம்?' என்று கேட்டபடி இருக்கிறார்கள். கட்டில், அடுப்பு, திரைச்சீலை எல்லாம் உங்கள் விருப்பம். அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: பாதையை முடிவு செய்யுங்கள்

தார்ச்சாலையும் முகாம் திடலும் போதுமென்றால் ஃபியட் டுகாட்டோ வகை வேனே தாராளம். முன்சக்கர இழுவை, தாழ்ந்த தரை. சரளை மேட்டில் முன்சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும், அவ்வளவுதான். ஓடைகளைக் கடக்கப் போகிறீர்கள் என்றால் லோ ரேஞ்சோடு (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்ட உதவும் கியர்) கூடிய நான்கு சக்கர இழுவை வேண்டும். இசுசு என்பிஎஸ், ஃபூசோ கேன்டர் 4x4 போன்ற சிறு லாரிகளின் மேல் கட்டியது என் முதல் தேர்வு. சவாரி முதுகை ஒடிக்கும், ஆனால் அடிச்சட்டம் அசையாது.

வாடகை வண்டி எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். சாதாரண மோட்டார்ஹோமை மண்சாலையில் இறக்கினால் பெரும்பாலும் காப்பீடு செல்லாது.

படி 2: எடை (நான் வழுக்கி விழுந்த இடம்)

இங்கே ஆஸ்திரேலியாவில் கார் உரிமத்தில் 4.5 டன் ஜிவிஎம் வரைதான் ஓட்டலாம். ஜிவிஎம் என்றால் ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. அதனால் பல வண்டிகளை 4,495 கிலோ என்று பதிந்து விற்கிறார்கள். அடிச்சட்டம் அதற்கு மேலும் தாங்கும். ஆனால் வண்டியின் தகட்டில் பதிந்திருக்கும் எடைதான் சட்டம்.

என் வண்டியின் வெற்றெடை 3,850. மீதி 645 கிலோ. 'அரை டன்னுக்கு மேல் இருக்கே' என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: தண்ணீர் 150 லிட்டர், அது 150 கிலோ. நாங்கள் நால்வர் 240. டீசல் 67 (வெற்றெடையில் 10 லிட்டர்தான் சேர்த்தி). கேஸ் சிலிண்டர் இரண்டு 36. இரண்டாவது ஸ்பேர் டயர், கருவிகள் 60. விற்றவர் பிற்பாடு மாட்டிக்கொடுத்த வெயில் மறைப்பும் கூடுதல் பேட்டரியும் 70. ஆக 623. அரிசி, துணி, நாற்காலி, குக்கர் எல்லாவற்றுக்கும் மிஞ்சியது 22 கிலோ!

எடைமேடை காட்டியது 4,610. கடைசியில் வண்டியின் ஜிவிஎம்மை உயர்த்திப் பதிந்து, நான் லைட் ரிஜிட் உரிமமும் (4.5 டன்னுக்கு மேற்பட்ட சிறு லாரிகளுக்கானது) எடுத்தேன். அலைச்சல்தான். முன்பே தெரிந்திருந்தால் விலை பேசும்போதே இதைச் செய்யச் சொல்லியிருப்பேன்.

படி 3: வாலை அளந்து பாருங்கள்

பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் பகுதி நீளமாக இருந்தால் ஓடையில் இறங்கி ஏறும்போது வால் தரையில் இடிக்கும். டேப்போடு போங்கள். கழிவுநீர்க் குழாய் எங்கே தொங்குகிறது என்று குனிந்தும் பாருங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

படி 4: புழுதியும் ஃப்ரிட்ஜும்

இரண்டும் ஒரே பிரச்சினை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜுக்கு வெளிச்சுவரில் காற்றுத்துளைகள் வேண்டும். செம்மண் புழுதி அந்த வழியாகவே உள்ளே வரும். தரை சாய்ந்திருந்தால் அந்த ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிரவும் குளிராது. 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜும் லித்தியம் பேட்டரியும் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

படி 5: டயர்

பின்னால் இரட்டை டயர் இருந்தால் நடுவில் கல் சிக்கும். முன்சக்கரத் தடத்தில் பின்சக்கரம் சரியாகப் போகாது, மணலில் கூடுதல் இழுபறி. ஒற்றை அகல டயருக்கு மாற்றினால் முன்னும் பின்னும் ஒரே அளவு ஸ்பேர் போதும். தகரக் கூரை போல வரிவரியான சாலையில் காற்றைக் குறைத்து ஓட்டுங்கள், தார்ச்சாலை வந்ததும் ஏற்றுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசர் வாங்கக் கஞ்சம் பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் அதிகமாகிவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் இதைச் சொல்ல மறந்தேன். அச்சுக்கும் தனி வரம்பு உண்டு. எடைமேடையில் முன்சக்கரம் மட்டும் ஒருமுறை, முழு வண்டி ஒருமுறை, பின்சக்கரம் மட்டும் ஒருமுறை நிறுத்துங்கள். அவருடைய தண்ணீர்த் தொட்டி பின் அச்சையும் தாண்டி வாலில் இருந்தது. அதை அச்சுகளுக்கு நடுவே நகர்த்தியதும் கணக்கு சரியாகிவிட்டதாம்.