காருக்குள் தண்ணீர் அடிக்காதீர்கள்: உட்புறத்தைச் சுத்தம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயுத பூஜைக்கு முந்தைய இரண்டு நாட்களில் மதுரையில் எந்த வாட்டர் சர்வீஸுக்குப் போனாலும் வண்டிகள் வரிசையில் நிற்கும். அந்த அவசரத்தில் நான்கு கதவையும் திறந்து, ஃபுட் மேட்டை உருவிப் போட்டுவிட்டு, பாடிக்கு அடித்த அதே பிரஷர் கன்னால் உள்ளே தரையிலும் ஒரு சுற்று அடித்துவிடுவார்கள். அப்போதைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் காரின் உட்புறத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. வெளியே பட்ட தண்ணீர் வழிந்து ஓடிவிடும். உள்ளே போன தண்ணீருக்கு ஓட வழி கிடையாது.

கண்ணுக்குத் தெரியும் கார்ப்பெட்டுக்கு அடியில், சத்தத்தை அடக்குவதற்காகத் தடித்த ஃபெல்ட்டோ ஃபோமோ ஒட்டியிருப்பார்கள். அது தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் மறுநாளே காய்ந்திருக்கும், அடியில் நாட்கணக்கில் ஈரம் நிற்கும். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் அடிக்கும் ஊறல் வாடை அங்கிருந்துதான் வருகிறது. அதற்கு பெர்ஃப்யூம் மாட்டுவது வாடையோடு இன்னொரு வாடையைச் சேர்ப்பது. ஈரம் தங்கிய இடத்தில் தரைத் தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே தெரியும்போது தகடு பாதி போயிருக்கும்.

அடுத்தது சீட்டுக்கு அடியில் போகும் வயர்கள். மஞ்சள் நிறக் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) இருந்தால் அது ஏர்பேக் அமைப்பைச் சேர்ந்தது. சீட் பெல்ட் பக்கிளுக்கும் அங்கிருந்துதான் வயர் போகும். கப்ளருக்குள் தண்ணீர் புகுந்தால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது. சில மாதங்களில் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்து, மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். அந்த விளக்கு எரியும் வண்டியில், விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். ஆகவே சீட்டுக்கு அடியில் வேக்குவமும் லேசாக நனைத்த துணியும் போதும். சுத்தம் செய்ய வசதியாக இருக்கும் என்று மஞ்சள் கப்ளரைக் கழற்றவும் கூடாது. கழற்றிய நிலையில் சாவியைப் போட்டாலே அந்த விளக்கு எரியும், பிறகு ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க வேண்டும்.

ஏற்கெனவே தண்ணீர் போய்விட்டதா? கதவு ஓரத்துப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, வெட் வேக்குவத்தால் உறிஞ்சிவிட்டு, அந்த இடைவெளிக்கு நேராக டேபிள் ஃபேன் வையுங்கள். செய்தித்தாளை அடியில் வைத்து அழுத்தி, அது காய்ந்தபடியே வரும்வரை கார்ப்பெட்டை மூடக் கூடாது. யாரும் தண்ணீர் அடிக்காமலே முன்பக்க இடது சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடம் நனைந்திருந்தால் ஏசி டிரெய்ன் குழாயைப் பாருங்கள். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டிய தண்ணீர், குழாய் அடைத்துக்கொண்டதால் உள்ளே இறங்குகிறது. இதைக் கவனிக்காமல் கார்ப்பெட்டை எத்தனை முறை காயவைத்தாலும் பயனில்லை.

சரி, அப்படியானால் எப்படித்தான் சுத்தம் செய்வது? முதலில் காய்ந்த வேலை முழுவதையும் முடிக்க வேண்டும். திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் போய்வந்த வண்டியில் கரிசல் மண் ஒட்டியிருக்கும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் அது கார்ப்பெட்டின் வேர்வரை இறங்கிவிடும். நன்றாகக் காயவிட்டு, பிரஷால் தட்டி உதிர்த்து, வேக்குவம் போட்டால் முக்கால்வாசி தானாக வந்துவிடும். வரிசை எப்போதும் மேலிருந்து கீழே: கூரை, ஏசி வென்ட், டேஷ்போர்டு, கதவுகள், சீட், கடைசியில் தரை. தரையை முதலில் முடித்துவிட்டு வென்ட்டைத் தட்டுபவர்கள் இரண்டு முறை உழைக்கிறார்கள். சீட்டை முழுக்க முன்னே தள்ளி ஒரு முறை, முழுக்கப் பின்னே தள்ளி ஒரு முறை வேக்குவம் போட வேண்டும். தண்டவாளத்தில் கிடக்கும் சில்லறையும் கடலையும்தான் பிறகு சீட்டை நகரவிடாமல் செய்பவை.

ஈர வேலைக்குப் போர் தண்ணீர் வேண்டாம். மதுரையின் பல பகுதிகளில் அது உப்பு. கறுப்புப் பிளாஸ்டிக் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரியும். உட்புறத்துக்குத் தேவைப்படுவது இரண்டு மூன்று லிட்டர்தான், கேன் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். உட்புறக் கிளீனரை, பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தாலொழிய, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்தால் போதும். அதாவது 50 மில்லிக்கு அரை லிட்டர். அதிகம் ஊற்றினால் அதிகம் போகும் என்பது தவறான கணக்கு. துடைத்து எடுக்க முடியாத சோப்பு துணிக்குள் தங்கிப் பிசுபிசுக்கும், அதில் புழுதி ஒட்டி ஒரே மாதத்தில் பழையதைவிட அழுக்காகும். துணி சீட்டில் நுரையை மட்டும் வைத்துத் தேய்த்து, உடனே ஈரத் துணியால் இரண்டு முறை ஒற்றி எடுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு டம்ளர் கரைசலுக்கு மேல் செலவாகிறது என்றால் சீட் ஃபோம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கூரைத் துணியில் இன்னும் கவனம் வேண்டும். அது மெல்லிய ஃபோமோடு பசை வைத்து ஒட்டப்பட்டது. நேராக ஸ்பிரே அடித்து பிரஷ் போட்டால் பசை விட்டு, கூரை தொட்டில் போலத் தொங்கும். அதைச் சரிசெய்ய முழுக் கூரையையும் இறக்கித்தான் புதுத் துணி ஒட்ட வேண்டும். மைக்ரோஃபைபர் துணியில் அடித்து, துணியால் ஒற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கறைகளில் எல்லோரும் செய்யும் தவறு வெந்நீர். ஜிகர்தண்டா கொட்டினாலும், கொடைக்கானல் மலைப்பாதையில் குழந்தை வாந்தி எடுத்தாலும், அதில் இருப்பது பாலும் புரதமும். வெந்நீர் பட்டால் அது இறுகி நூலோடு பிடித்துக்கொள்ளும். முதலில் கெட்டியானதை அட்டையால் வழித்து, டிஷ்யூவால் ஒற்றி, பச்சைத் தண்ணீரால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் கறை வட்டமாக விரியும். வாடை நின்றால் சமையல் சோடாவை ஈரம் காய்ந்த பிறகு தூவி, ஓரிரவு விட்டு வேக்குவம் போடுங்கள்.

மஞ்சள் கறையில் சோப்பைப் போட்டால் அது சிவந்து பயமுறுத்தும். மஞ்சளின் நிறம் காரம் பட்டால் சிவக்கும். குங்குமம் தயாரிப்பதே மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தான். ஆகவே பூஜைக்கு வைத்த மஞ்சள், குங்குமத்தை அன்று மாலையே உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். துணி சீட்டில் நிறம் தங்கிவிட்டால், மறைவான ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒற்றலாம். மிச்சத்தை வெயில் வெளுக்கும். ரெக்சின் சீட்டில் ஸ்பிரிட் கூடாது, மேல்பூச்சு போய்விடும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் காருக்குள் எந்தப் பாகத்துக்கும் ஆகாது.

விபூதி வேறு விதம். அது சன்னமான சாம்பல். பளபளப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் கொட்டியதை உலர்ந்த துணியால் இழுத்தால் கீறல் விழும். மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு வேக்குவத்தில் உறிஞ்சுங்கள். ரியர்வியூ கண்ணாடியில் மல்லிகைச் சரம் மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடிய பூ உதிர்ந்து, முன்கண்ணாடியின் அடியில் காற்று வரும் இடுக்குக்குள் விழுகிறது. அங்கிருந்து எடுப்பது பெரும்பாடு. பூவைச் சிறு தட்டில் வைத்து, மாலையில் எடுத்துவிடலாம்.

டேஷ்போர்டு பாலிஷைப் பற்றி எங்கள் கருத்து உறுதியானது: எண்ணெய் பளபளப்பு தரும் எதையும் பூசாதீர்கள், தேங்காய் எண்ணெயையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். சித்திரை வெயிலில் அந்தப் பளபளப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே வரும் வண்டியை மறைக்கும், புழுதியையும் இழுத்து ஒட்டிவைக்கும். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் பட்டால் வழுக்கும், அது உயிர் சம்பந்தப்பட்டது. மினுமினுப்பு இல்லாத, வெயில் பாதுகாப்புள்ள டிரெஸ்ஸிங்கைத் துணியில் நாலு சொட்டு எடுத்துத் தடவினால் போதும். டச் ஸ்கிரீனுக்குக் கண்ணாடி கிளீனர் வேண்டாம், லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் போதும். பின்கண்ணாடியில் டீஃபாகர் கோடுகள் (மூட்டத்தைப் போக்கச் சூடாகும் மெல்லிய கம்பிகள்) இருந்தால் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே அழுத்தித் தேய்த்தால் கோடு அறுந்துவிடும்.

பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் இருக்கும். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, தட்டிப் போடலாம், கறுத்திருந்தால் மாற்ற வேண்டும். மாட்டும்போது அதில் போட்டிருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் நிறுத்துவது பலருக்குப் பழக்கம். ஈரம் ஆவியாகி உள்ளேயே சுற்றிக் கூரையிலும் கண்ணாடியிலும் படியும், அவ்வளவுதான். நிழலில் நான்கு கதவையும் திறந்து, ஃபேன் வைத்து நாலைந்து மணி நேரம் விடுங்கள். கேபின் விளக்கை அணைக்க மறந்தால் பேட்டரி இறங்கிவிடும். சீட் பெல்ட்டைக் கழுவியிருந்தால் முழுக்க வெளியே இழுத்து, கிளிப் போட்டு நிறுத்தி, காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி சீட்டை நனைக்கும் வேலையே வேண்டாம். அந்த மாதங்களில் வேக்குவத்தோடு நிறுத்திக்கொண்டு, தை வரை காத்திருக்கலாம்.

கடைசியாக மேட். மேட்டும் கார்ப்பெட்டும் முழுக்கக் காய்ந்த பிறகே தரையில் போடுங்கள். ஓட்டுநர் பக்க மேட்டின் துளையைத் தரையில் உள்ள கொக்கியில் மாட்டி, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து, தடையில்லாமல் மேலே வருகிறதா என்று பாருங்கள். பழைய மேட்டின் மேலேயே புது மேட்டைப் போட்டால், அது நகர்ந்து பெடலுக்கு அடியிலோ மேலேயோ சிக்கிக்கொள்ளும்.