புது போன் வாங்கி வரச் சொல்கிறார்களா? விலை அறிவிக்கும்வரை வாக்குக் கொடுக்காதீர்கள்

2024 செப்டம்பர் கடைசியில், ஆறு வருடம் கழித்து அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போனேன். பெட்டியில் என்னென்ன வைப்பது என்று நான் சொல்லப்போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டு போன் பெட்டிகளால் என் பயணத்தில் பாதி போய்விட்டது.

ஆகஸ்ட் மாதமே அத்தான் கூப்பிட்டார். ஐபோன் 16 இன்னும் வெளிவரவில்லை. வதந்தி மட்டும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. "மாப்ள, இங்க புரோ ஒன்றரை லட்சம் ஆகும்னு எல்லாரும் சொல்றாங்க. அங்க எண்பதாயிரம்தானாமே? பயலுக்கு ஒண்ணு, எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு ஒண்ணு. வரும்போது கொண்டு வந்துரு." நானும் சரி என்றேன். ஆறு வருடம் போகாதவன் வேறு என்ன சொல்ல முடியும்? அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்களில் ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தது அத்தான்தான். அவர் கேட்டு ஒன்றை மறுக்க எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு நாளில் ஆபீஸ்காரரிடம் எண்பதாயிரம் ரூபாயைக் கையில் வாங்கிவிட்டார்.

இங்கேதான் முதல் எச்சரிக்கை. அறிவிப்புக்கு முன்னால் வரும் "இந்திய விலை" எதையும் நம்பி யாரிடமும் பணம் வாங்க விடாதீர்கள். அந்த விலைகள் பெரும்பாலும் இரண்டு வழியில் பிறக்கின்றன. போன வருட விலையின் மேல் கொஞ்சம் ஏற்றிச் சொல்வது ஒன்று, டாலரை அப்படியே ரூபாயால் பெருக்குவது இன்னொன்று. அந்த வருடம் இரண்டுமே தப்பாகப் போயின. ஜூலை 23 பட்ஜெட்டில் செல்போன் மீதான சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். செப்டம்பர் 9 அன்று விலை வந்தபோது 16 புரோ இந்தியாவில் 1,19,900 ரூபாயில் தொடங்கியது. முந்தைய வருடம் 15 புரோ 1,34,900. பதினைந்தாயிரம் இறங்கியிருந்தது. ஒன்றரை லட்சம் என்று பேசியவர்கள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

அன்றைக்கே அத்தானைக் கூப்பிட்டு "அங்கேயே வாங்கிக்கலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பணம் வாங்கியாச்சு, பேச்சுக் கொடுத்தாச்சு என்று இருந்துவிட்டேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் 999 டாலர் என்று போட்டிருந்தது வரிக்கு முந்தைய விலை. நான் இருக்கும் டாலஸில் விற்பனை வரி 8.25 சதவீதம், ஆக 1,081 டாலர். அப்போது டாலர் சுமார் 84 ரூபாய். ஒரு போன் ஏறக்குறைய 90,800 ரூபாய், இரண்டும் சேர்ந்து 1,81,600. நான் போனபோது இந்திய வம்சாவளியினர் வரியில்லாமல் கொண்டு வரக்கூடிய பொருளின் மதிப்பு 50,000 ரூபாய். மிச்சம் 1,31,600 ரூபாய்க்கு 35 சதவீத வரி, அந்த வரியின் மேல் பத்து சதவீத சமூக நலக் கூடுதல் வரி, ஆக 38.5 சதவீதம். அது கிட்டத்தட்ட 50,700 ரூபாய். எல்லாம் கூட்டி இரண்டால் வகுத்தால் ஒரு போன் 1,16,000 ரூபாயைத் தாண்டுகிறது. நம் ஊர்க் கடையில் பில்லோடும் உத்தரவாதத்தோடும் 1,19,900. ஒரு போனுக்கு நாலாயிரம்கூட மிச்சமில்லை. அந்த வாரமே கடைகளில் வங்கி அட்டைக்குக் கொடுத்த தள்ளுபடியைச் சேர்த்தால் அதுவும் போச்சு.

வரம்பை அவ்வப்போது திருத்துவார்கள். அதனால் கிளம்பும் வாரத்தில் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் இதில் வழக்கமாகத் தவறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்தால் இரண்டு வரம்பையும் ஒன்றாகக் கூட்டி ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது. நீங்கள் பயன்படுத்தும் உங்கள் சொந்த போன் வேறு, சீல் பிரிக்காத பெட்டி வேறு. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு ஒரு லேப்டாப் வரியில்லை, அதை நினைத்துக்கொண்டு போனுக்கும் அப்படித்தான் என்று நம்பாதீர்கள். பில்லைக் கையில் வைத்திருங்கள். சுங்கத் துறை தான் அறிவிக்கும் மாற்று விகிதத்தில்தான் கணக்குப் போடும், நம் செல்போன் காட்டும் விகிதத்தில் அல்ல.

தரையிறங்கியதும், வரி கட்ட ஒன்றும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழிக்கும் இருப்பவர்கள் போகும் சிவப்பு வழிக்கும் நடுவில் ஒரு நிமிடம் நின்றேன். "பச்சையில் போயிரு, யாரு பார்க்கப் போறா" என்று அத்தான் போனில் சொல்லியிருந்தார். அதை மட்டும் செய்யாதீர்கள். வரி கட்ட வேண்டிய பொருளோடு பச்சையில் பிடிபட்டால் பொருளைப் பறிமுதல் செய்யலாம், அதை மீட்க அபராதமும் கட்ட வேண்டி வரும். நான் சிவப்பில் போனேன். அங்கே மூன்று மணி நேரம். எனக்கு முன்னால் தங்கச் சங்கிலியோடு ஒரு குடும்பம், பெரிய டிவியோடு ஒருவர். ஒரே ஒரு மேசை. பில்லைப் பார்த்தவர் வெளியே போனார், திரும்பி வந்தார், மதிப்பை எழுதினார். பணம் கட்டும் இடம் வேறு பக்கம். அங்கே இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். என் முதுகுப்பையில் அம்மாவுக்கு வாங்கிய மூட்டு வலி மாத்திரைகள் இருந்தன, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ரசீது கைக்கு வந்தபோது தூத்துக்குடி விமானம் போய்விட்டது. அடுத்தது மறுநாள்தான்.

இப்படி நேரம் போகும் என்பதை மனதில் வையுங்கள். வரி கட்டப் போகிறவர்கள் உள்ளூர் விமானத்தை அன்றைக்கே, ஒட்டியே பதிவு செய்யக் கூடாது.

அம்மா அன்று மதியம் சொதி வைத்திருக்கிறாள். இஞ்சித் துவையலும் அரைத்திருக்கிறாள். மறுநாள் நான் போனபோது அதே சொதியைச் சுடவைத்துப் போட்டாள். "வந்துட்டியாய்யா" என்று கேட்டதைத் தவிர தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

அடுத்ததுதான் பெரிய அடி. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022-ல் வந்த 14 வரிசையிலிருந்தே சிம் அட்டை போடும் தட்டு கிடையாது. அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் ஈசிம் மட்டும்தான். நான் அங்கேயே வாழ்வதால் இது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை, சொல்லவும் தோன்றவில்லை. ஆபீஸ்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து, பின்னூசியைக் கையில் வைத்துக்கொண்டு போனின் நான்கு பக்கமும் திருப்பித் திருப்பித் தேடினார். விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் இருபது வருடமாக வைத்திருக்கும் எண்ணுக்கு அந்த நிறுவனம் அப்போது ஈசிம் தரவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாறலாம்தான். ஆனால் அவருடைய வங்கி, ஆதார், பென்ஷன் எல்லாமே அந்த இணைப்பில். "வேண்டாம் தம்பி, நீங்களே வச்சுக்கோங்க" என்று போனைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். படமிருந்த அட்டையைக்கூட ஒழுங்காக அடியில் வைத்து மூடினார்.

எண்பதாயிரத்தை அத்தான் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் கொடுக்கிறேன் என்றதற்கு அவர் பேசவே இல்லை. அமெரிக்கக் கடையில் திருப்பிக் கொடுக்க இருந்த பதினான்கு நாளும் முடிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அக்காதான் சொன்னாள்: "ஆறு வருஷம் கழிச்சு வந்திருக்க. வந்ததுலருந்து ரெண்டு பேரும் போனைப் பத்தியேதான் பேசுறீங்க."

ஆகவே போன் கேட்பவர்களிடம் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். சிம் எந்த நிறுவனம், அவர்கள் ஈசிம் தருகிறார்களா? பழுதானால் எங்கே கொடுப்பீர்கள், வாங்கிய நாட்டோடு உத்தரவாதம் நின்றுவிட்டால் பரவாயில்லையா? பதில் தெளிவாக வந்த பிறகு கணக்குப் போடுங்கள். கணக்கை ரூபாயில், வரியோடு எழுதி அனுப்புங்கள். எழுத்தில் பார்த்தால் பாதிப் பேர் தாங்களே வேண்டாம் என்பார்கள். மனத்தாங்கலும் இருக்காது. ஐபோன்கள் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகின்றன. அந்த ஆலையில் வேலை பார்ப்பது நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள். அதே பெயருள்ள போனை நான் கடல் தாண்டிச் சுமந்து வந்து, வரி கட்டி, சிம் போடவும் முடியாமல் வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது புது போனோ நகையோ உங்களோடு இந்தியாவிலிருந்து வெளியே போகிறது, அடுத்த முறை திரும்ப வரும் என்றால், கிளம்பும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை கேள்வி வராது. நான் வாங்கினேன். அரை மணி நேரம்தான் ஆனது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் அம்மாவின் பட்டன் போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 5 என்ற எழுத்து முழுக்க அழிந்திருந்தது. மற்ற பொத்தான்களெல்லாம் நன்றாகவே இருந்தன. ஐந்தை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும்படி அக்கா வைத்துக் கொடுத்திருக்கிறாள். அம்மா கூப்பிடும் நேரம் அங்கே எனக்கு நடுராத்திரி. பாதி நாள் நான் எடுத்ததில்லை. பக்கத்துக் கடையில் புதிதாக ஒரு பட்டன் போன் வாங்கி, ஐந்தில் என் எண்ணைப் பதிந்து கொடுத்துவிட்டு வந்தேன். அதை அவள் பீரோவில் வைத்திருக்கிறாளாம். இன்னும் பழையதிலிருந்துதான் கூப்பிடுகிறாள்.